சுவருக்குள் போன வெந்நீர்

1960களில் கட்டிய நடுத்தரக் குடும்பத்து வீடு ஒன்றின் சுவரைக் கொத்திப் பார்த்தால் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும்தான் வரும். மின்சாரம் சுவரின் மேல், கண்ணுக்குத் தெரிய ஓடியது. வெந்நீருக்கும் சுவருக்கும் சம்பந்தமே இல்லை. அது கொல்லைப்புற அடுப்பில் காய்ந்து, வாளியில் ஏறி, யாரோ ஒருவர் கையில் தொங்கிக் குளியலறைக்கு வந்து சேர்ந்தது. மின்கம்பிக்கும் வெந்நீருக்கும் நடுவே ஒரு முற்றமும் ஒரு கொல்லைக் கதவும் இருந்தன. அதே மனையில் இன்று எழும்பும் வீட்டில் இரண்டும் நான்கு அங்குலச் சுவர் ஒன்றுக்குள் அடுத்தடுத்துப் படுத்திருக்கின்றன. நடுவே உள்ள தூரத்தைச் சில இடங்களில் விரற்கடையால் அளந்துவிடலாம்.

சிவப்பு ஆக்சைடு தரை போய் டைல்ஸ் வந்ததும், ஓட்டுக்கூரை போய்த் தளம் வந்ததும் எல்லோர் கண்ணிலும் பட்டன. சுவர் மாறியது அப்படிப் படவில்லை. பூச்சு முடிந்து சுண்ணாம்போ பெயின்டோ அடித்துவிட்டால் அன்றைய சுவரும் இன்றைய சுவரும் பார்வைக்கு ஒன்றே.

வெந்நீர் அடுப்புக்கென்று அன்று தனி இடம் இருந்தது. கிணற்றடியை ஒட்டிச் சின்னதாக ஒரு சார்ப்பு, அதன் கீழ் கரி பிடித்த அடுப்பு, அதன் மேல் வாய் குறுகிய செப்புத் தவலை. சமையலுக்கு ஆகாத எரிபொருள் எல்லாம் இங்கே வந்து சேரும்: தென்னை மட்டை, பாளை, பன்னாடை, சிரட்டை, மரம் அறுத்த தூள். கொஞ்சம் வசதி கூடிய வீடுகளில் செப்பு பாய்லர் இருந்தது. நடுவில் நெருப்புக்கு ஒரு குழாய், அதைச் சுற்றித் தண்ணீர், அடியில் சாம்பல் விழும் தட்டு, பக்கவாட்டில் பித்தளைத் திருகு. சிரட்டையை மேலிருந்து போட்டால் நெருப்பு தண்ணீரின் நடுவிலேயே எரியும். வெப்பம் வீணாவது குறைவு. தீபாவளிக்கு முந்தைய நாள் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி, தண்ணீர் நிரப்பி, குங்குமப் பொட்டு வைப்பார்கள். அந்த வீட்டில் வெந்நீர் என்பது நாலு பேர் கண்ணெதிரே நடக்கும் ஒரு வேலை. எவ்வளவு சூடு என்பதும் எவ்வளவு மிச்சம் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

அந்த வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விடிவதற்கு முன் எழுந்து, கிணற்றில் இறைத்து, ஈர மட்டையை ஊதி ஊதிப் பற்றவைத்து, புகையில் கண் சிவக்க நின்றவர்கள் அவர்கள். முதல் வாளி யாருக்கு, கடைசியில் ஆறிப்போன வாளி யாருக்கு என்பதில் அந்த வீட்டின் மேல் கீழ் முழுவதும் தெரிந்துவிடும். 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக இன்றைய 2,000 வாட் கீசருக்குச் சுமார் 20 நிமிடமும் 0.6 யூனிட்டுக்குச் சற்று அதிகமான மின்சாரமும் போதும். திறந்த அடுப்பில் அதற்கு ஏறத்தாழ ஒரு கிலோ விறகும் ஓர் ஆளின் காலைப்பொழுதும் செலவாயின. வெந்நீர் அடுப்பு போனதற்காக வருந்த எனக்கு மனம் வரவில்லை.

மின்சாரத்தின் கதை வேறு. 1957இல் மின்வாரியம் உருவானதற்குப் பிறகு ஊர் ஊராக இணைப்பு போனபோது, பேட்டன் வயரிங் என்ற முறை வீடுகளுக்குள் நுழைந்தது. தேக்கில் இழைத்த மெல்லிய கட்டைகளைச் சுவரில் மர முளை அடித்துப் பொருத்துவார்கள். கட்டையின் மேல் வரிசையாக லிங்க் கிளிப்; அதன் நாக்கை மடித்துக் கம்பியைப் பிடித்துவைப்பார்கள். மூலை திரும்பும் இடத்தில் கட்டையை நாற்பத்தைந்து டிகிரியில் அறுத்துச் சேர்ப்பதைப் பார்த்தே ஓர் எலக்ட்ரீஷியனின் கைத்திறனை எடைபோட்டார்கள். விளக்கு தொங்கும் இடத்தில் வட்டமான ரவுண்டு பிளாக். கறுப்பு பேக்கலைட் சுவிட்ச், தட்டினால் கணீரென்று ஒரு சத்தம். வாசலுக்குப் பக்கத்தில் மரப் பலகையில் மீட்டர், அதன் கீழ் வெள்ளைப் பீங்கானில் கிட்காட் பியூஸ்.

அந்தக் கம்பி எங்கே புறப்பட்டு எங்கே முடிகிறது என்பதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகூடக் கண்ணாலேயே தொடர்ந்துபோய்ச் சொல்லிவிடும். எலி கடித்தாலும் கரையான் ஏறினாலும் கட்டை கறுத்தாலும் தெரிந்தது. ஆணி அடிக்க வேண்டியவர் கட்டையை விட்டு ஒரு சாண் தள்ளி அடித்தார். கம்பியின் அளவைக்கூட எண்ணிப் பார்த்துச் சொல்லும் வழக்கம் இருந்தது. 1/18 என்றால் 18 கேஜில் ஒரே இழை, 3/20 என்றால் 20 கேஜில் மூன்று இழை, 7/20 என்றால் ஏழு. இன்றும் பழைய கைகள் கடைக்குப் போய் ‘மூணு இருபது’ என்று கேட்டால் கடைக்காரர் 2.5 ஸ்கொயர் எம்எம் சுருளை எடுத்து நீட்டுவார்.

அதைப் பொற்காலம் என்று சொல்லிவிட முடியாது. பழைய கம்பிகளுக்கு ரப்பர் உறை. வெயிலிலும் சூட்டிலும் ரப்பர் காய்ந்து, தொட்டால் மாவாய் உதிரும். எரியக்கூடிய மரக் கட்டையின் மேல்தான் அந்தக் கம்பி கிடந்தது. பாதி வீடுகளில் இரண்டு ஓட்டை பிளக்தான்; எர்த் இல்லை. இருந்த இடங்களிலும் கரியும் உப்பும் போட்ட குழியில் தண்ணீர் ஊற்ற ஆள் மறந்துவிட்டால் அது பெயருக்குத்தான் எர்த். சில வீடுகளில் எர்த் கம்பியைக் குழாயடியில் இரும்புப் பைப்பில் சுற்றிவிட்டார்கள். பியூஸ் போனால் கையில் அகப்பட்ட கம்பியைப் போட்டு முறுக்கினார்கள். இத்தனைக் குறையோடும் அந்த வீடுகள் நின்றதற்குக் காரணம் பளு மிகக் குறைவாக இருந்ததே. நான்கு 60 வாட் பல்பு, ஒரு மின்விசிறி, ஒரு ரேடியோ. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டாலும் 2 ஆம்பியரைத் தாண்டாது. இன்று ஒரு குளியலறைக் கீசர் மட்டுமே 9 ஆம்பியரை நெருங்குகிறது. தண்ணீரைத் தேக்காமல் உடனுக்குடன் சூடாக்கும் 3,000 வாட் கீசர் 13 ஆம்பியர் எடுக்கிறது.

இரண்டுக்கும் நடுவில் ஓர் இடைக்காலம் இருந்தது. வெந்நீர் அடுப்பு அணைந்து, கீசர் இன்னும் வராத ஆண்டுகள். பிளாஸ்டிக் வாளியில் ஹீட்டர் காயிலை மாட்டி, சுவிட்சைப் போட்டு, கதவைச் சாத்திவிட்டுக் காத்திருந்த தலைமுறை அது. சூடு பார்க்க விரலை விட்டு உயிர் விட்டவர்களின் செய்தி அடிக்கடி வரும். மின்சாரமும் வெந்நீரும் முதன்முதலாகச் சந்தித்த இடம் அந்த வாளி. அதில் ஆபத்து வெளிப்படையாக இருந்தது. குழந்தைகளை அந்தப் பக்கமே விடமாட்டார்கள். பிறகு வந்த கீசர் அந்த ஆபத்தை ஒரு வெள்ளைப் பெட்டிக்குள் அடைத்துப் பரணுக்குக் கீழே மாட்டியது. அதிலிருந்து வந்த ஜிஐ பைப் சுவருக்கு வெளியேதான் ஓடியது. சணல் சுற்றி வெள்ளை ஈயம் பூசிய இணைப்புகள் கசிந்தால் கீழே ஒரு டப்பா வைத்தார்கள்.

சுவருக்குள் முதலில் போனது மின்சாரம். 1980களிலும் 90களிலும் வீடு கட்டியவர்களிடம் ‘பேட்டனா, கன்சீல்டா?’ என்று கேட்பது அந்தஸ்தை விசாரிப்பது போலத்தான். கன்சீல்டு என்றால் சுவரைக் காடி வெட்டி, முக்கால் அங்குல பிவிசி கான்ட்யூட்டைப் புதைத்து, மேலே காரை பூசுவது. சுவர் துடைத்த மாதிரி இருக்கும். தேக்குக் கட்டைகளைப் பெயர்த்து விறகுக்குப் போட்ட வீடுகளையும் பார்த்திருக்கிறேன். அடுத்துத் தண்ணீர்க் குழாய் போனது. ஜிஐ பைப்பைச் சுவருக்குள் புதைப்பதில் எல்லோருக்கும் பயம் இருந்தது. துருப்பிடித்தால் சுவரையே உடைக்க வேண்டும். துருப்பிடிக்காத, பசை போட்டு ஒட்டக்கூடிய, 80 டிகிரிக்கு மேலும் தாங்கும் சிபிவிசி குழாய் வந்ததும் அந்தப் பயம் தீர்ந்தது. அதற்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 15778 வெளியானது 2007இல். அதற்குள் தமிழ்நாட்டில் கட்டுமான வேகமும் கூடியிருந்தது. வெந்நீர் ஓசையில்லாமல் சுவருக்குள் குடிபுகுந்தது.

சுவரோ இதற்கிடையில் மெலிந்துவிட்டது. பழைய மண்சுவர் ஒன்றரை அடி, செங்கல் சுவர் ஒன்பது அங்குலம். இன்று படுக்கையறைக்கும் குளியலறைக்கும் நடுவே நிற்பது நாலரை அங்குலச் செங்கல், அல்லது நாலு அங்குல ஏஏசி பிளாக். குளியலறைப் பக்கத்திலிருந்து பிளம்பர் ஒன்றரை அங்குலம் வெட்டுகிறார். படுக்கையறைப் பக்கத்திலிருந்து எலக்ட்ரீஷியன் ஒன்றே கால் அங்குலம் வெட்டுகிறார். நடுவில் மிஞ்சுவது எவ்வளவு என்று இருவரில் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. இருவரும் ஒரே நாளில் வேலைக்கு வருவதும் இல்லை. எலக்ட்ரீஷியன் முதலில் வந்து பைப் போட்டுவிட்டு வேறு சைட்டுக்குப் போய்விடுகிறார்; பத்து நாள் கழித்துப் பிளம்பர் வருகிறார்; அதற்குள் எலக்ட்ரீஷியனின் காடியைக் கொத்தனார் மூடியிருக்கிறார். பேட்டன் காலத்தில் ஓர் ஆளின் வேலை அடுத்த ஆளின் கண்முன் இருந்தது. இப்போது பூச்சுக்கு அடியில் இருக்கிறது.

இங்கே சூட்டின் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். வீட்டுக் கம்பியின் பிவிசி உறை 70 டிகிரி வரை தாங்கும்படி செய்யப்படுகிறது. அந்த 70 என்பது வெளிச்சூடு, கம்பியில் மின்சாரம் ஓடுவதால் வரும் உட்சூடு இரண்டும் சேர்ந்தது. சுற்றுப்புறம் 30 டிகிரியில் இருந்தால், சுவருக்குள் கான்ட்யூட்டில் போகும் 2.5 ஸ்கொயர் எம்எம் செம்புக் கம்பி 24 ஆம்பியர் தாங்கும் என்பது பன்னாட்டு அட்டவணை. சுற்றுப்புறம் 40 ஆனால் அது 21 ஆகிறது. 50 ஆனால் 17. 60 டிகிரியில் சரிபாதி, 12 ஆம்பியர். கீசரிலிருந்து புறப்படும் தண்ணீர் 60 டிகிரி. குமிழை உச்சத்தில் வைத்தால் 75. குழாயைத் தொட்டுக்கொண்டு கிடக்கும் கம்பிக்கு அந்த ஓரடி நீளத்தில் சுற்றுப்புறம் என்பது அறையின் காற்றல்ல, அந்தக் குழாய்தான்.

இதில் என்னை உறுத்துவது ஒன்று உண்டு. வீட்டிலேயே அதிக மின்சாரம் இழுக்கும் கம்பிகளில் ஒன்று கீசருக்குப் போவது. வீட்டிலேயே அதிகச் சூடான குழாய் கீசரிலிருந்து வருவது. இரண்டும் ஒரே பெட்டியில் முடிகின்றன. ஆகவே வேறெங்கே விலகி ஓடினாலும் கடைசி இரண்டடியில் இவை நெருங்கியே ஆக வேண்டும். அங்கே காட்டும் கவனம்தான் உண்மையான கவனம். அந்தச் சுற்றுக்குப் போடும் 16 ஆம்பியர் எம்சிபியும் இதில் துணைக்கு வராது. அது ஓடும் மின்சாரத்தை அளக்கிறது. சுவரின் சூட்டை அளப்பதில்லை. தாங்குதிறன் 12க்கு இறங்கிவிட்ட கம்பியில் 13 ஆம்பியர் ஓடினாலும் எம்சிபி அசையாது.

ஒரே நாளில் எதுவும் நடந்துவிடாது என்பதும் உண்மை. வீட்டில் வெந்நீர்க் குழாய் சூடாக இருப்பது காலையில் அரைமணி, ஒரு மணி நேரம். பிறகு சுவர் ஆறிவிடும். செங்கல் சூட்டை வாங்கிப் பரப்பிவிடுகிறது. காற்றறைகள் நிறைந்த ஏஏசி பிளாக் அப்படிப் பரப்புவதில்லை; வெயிலை வெளியே நிறுத்துகிறது என்று நாம் விரும்பி வாங்கும் அதே குணம், குழாயின் சூட்டைக் குழாயடியிலேயே நிறுத்திவைக்கிறது. காப்புப் பொருளின் வெப்பநிலை பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது மின்பொறியாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லும் தோராயக் கணக்கு. முப்பது ஆண்டு வர வேண்டிய கம்பி பதினைந்தில் முடிந்துபோகிறது. அதுவும் அந்த ஓரடியில் மட்டும்.

அந்த ஓரடியை நான் கண்ணால் பார்த்தது உறவினர் ஒருவரின் அடுக்கக வீட்டில், குளியலறையைப் புதுப்பிக்க டைல்ஸைப் பெயர்த்தபோது. கட்டிப் பதினைந்து ஆண்டுகூட ஆகாத கட்டடம். வெளிர்மஞ்சள் சிபிவிசி எல்போ ஒன்று திரும்பும் இடத்தில் கான்ட்யூட் குறுக்கே போயிருந்தது. நடுவில் காரை இல்லை, தொட்டுக்கொண்டே இருந்தன. அந்த இடத்தில் கான்ட்யூட் வட்டம் கெட்டு முட்டை வடிவத்துக்கு அமுங்கியிருந்தது. எலக்ட்ரீஷியன் மெயினை இறக்கிவிட்டுக் கம்பியை உருவினார். ஒரு முழம் வரை சிவப்புக் கம்பி புதிதாகவே இருந்தது, வளைத்தால் வளைந்தது. அதற்குப் பிறகு ஒரு சாண் நீளத்துக்கு நிறம் செங்கல் பொடிபோல் பழுத்திருந்தது. விரலால் மடித்ததும் உறை வெடித்துச் செம்பு தெரிந்தது. அதற்கப்புறம் மறுபடியும் புதுக் கம்பி. ‘பத்து நிமிஷ வேலைங்க. பிளம்பர் கொஞ்சம் தள்ளிப் போட்டிருந்தா முடிஞ்சுது. இல்லேன்னா எங்காளு வளைச்சு எடுத்திருக்கணும்’ என்றார் அவர். அந்த வீட்டில் அதுவரை ஒரு விளக்குகூட அணைந்து மினுங்கியதில்லை.

வீட்டைவிடத் தங்கும் விடுதிகளிலும் மருத்துவமனைகளிலும் இது பெரிய விஷயம். எந்த அறையில் திறந்தாலும் உடனே வெந்நீர் வர வேண்டும் என்பதற்காக அங்கே பம்ப் வைத்து வெந்நீரை நாள் முழுவதும் சுற்றவிடுகிறார்கள். குழாய் ஆறுவதே இல்லை. குளிர்நாட்டு வீடுகளின் நிலையும் அதுதான். இங்கிலாந்தில் பாய்லரிலிருந்து ரேடியேட்டர்களுக்குப் போகும் குழாய்கள் 70, 80 டிகிரித் தண்ணீரோடு குளிர்காலம் முழுவதும் மரத்தரையின் பலகைக்கு அடியில் ஓடின. மின்கம்பிகளும் அதே பலகைக்கு அடியில்தான். அதனால்தான் அந்நாட்டு வயரிங் விதிகளில் வெப்பம் தரும் குழாய்களை விட்டு விலகு, இல்லையேல் தடுப்பு வை என்ற பேச்சு அழுத்தமாக இருக்கிறது. இப்போது அங்கே வெப்பப் பம்புக்கு மாறும் வீடுகளில் குழாயின் சூடு 35லிருந்து 55 டிகிரிக்குள் இறங்கிவிடுகிறது. எரிபொருளைச் சேமிக்கச் செய்த மாற்றம், பக்கத்தில் கிடக்கும் கம்பிக்கும் நன்மையாக முடிந்திருக்கிறது.

விதி நம்மிடமும் உண்டு. இந்தியத் தரநிலை ஐஎஸ் 732இன் 2019 திருத்தம் பன்னாட்டு விதிகளின் வழியில் போகிறது. வெளிச்சூட்டிலிருந்து கம்பியைத் தூரம் வைத்தோ, தடுப்பு வைத்தோ, அதிகச் சூடு தாங்கும் கம்பியைத் தேர்ந்தோ காக்க வேண்டும் என்பது அதன் சாரம். இத்தனை அங்குலம் என்று எண் எதுவும் சொல்லாமல், முடிவை வேலை செய்பவரின் அறிவுக்கு விட்டுவிடுகிறது. நல்ல மேஸ்திரிகள் அதற்குத் தங்கள் கையையே அளவாக்கிக்கொண்டார்கள்: இணையாகப் போனால் ஒரு சாண் தள்ளு, குறுக்கே போக வேண்டுமென்றால் நேர்க்குறுக்காகப் போ, நடுவில் காரை வை, மின்சாரம் மேலே, தண்ணீர் கீழே. கடைசி விதியின் நியாயம் எளிது. மேலே ஓடும் குழாய் கசிந்தால் கீழே இருப்பதன் மேல்தான் சொட்டும்.

கசிவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. சூட்டைவிட அதுதான் அடிக்கடி நடக்கிறது. சிபிவிசி சூட்டில் நீள்வது இரும்பைப்போல ஐந்து மடங்குக்கும் மேல். 3 மீட்டர் குழாயில் 35 டிகிரி ஏறினால் சுமார் 7 மில்லிமீட்டர் நீளும். ஜிஐ பைப்பாக இருந்தால் ஒரு மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும். நாள்தோறும் நீண்டு சுருங்கும் குழாயைச் சிமென்டில் இறுக்கிப் பூசிவிட்டால் அந்த இழுவை முழுவதும் எல்போவிலும் பித்தளை இணைப்பிலும் போய் நிற்கும். அங்கே ஒரு மயிரிழை விட்டால் போதும். தண்ணீர் காடி வழியாக நடந்து, கான்ட்யூட்டின் இணைப்பில் புகுந்து, எங்கோ தள்ளியிருக்கும் சுவிட்ச் பாக்ஸில் வந்து நிற்கும். பழைய வீட்டில் கசிவு எங்கே என்பதைக் கீழே வைத்த டப்பா சொன்னது. இன்று சுவரில் ஓதம் தெரிவது ஓரிடம், ஓட்டை வேறிடம்.

ஜிஐ பைப் போனதில் இன்னொன்றும் போயிற்று. குழாயையே எர்த்தாக நம்பியிருந்த வீடுகளில், பழுதுபார்க்க வந்தவர் நடுவில் பத்தடி பிளாஸ்டிக் குழாயை மாற்றியதும் எர்த் அறுந்தது. எந்த விளக்கும் அணையாததால் யாருக்கும் தெரியவில்லை. முறையான எர்த் கம்பி தனியாக வராத பழைய வீட்டில் கீசர் மாட்டுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

கிடைத்ததையும் அதே நேர்மையோடு எழுதியாக வேண்டும். கிட்காட் பியூஸ் இருந்த இடத்தில் இன்று எம்சிபி. அதன் பக்கத்தில் ஆர்சிசிபி. பேஸில் போன மின்சாரமும் நியூட்ரலில் திரும்பிய மின்சாரமும் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசப்பட்டாலே நொடிக்கும் குறைந்த நேரத்தில் துண்டித்துவிடும் அந்தச் சின்னப் பெட்டி, ஹீட்டர் காயில் காலத்தில் இருந்திருந்தால் எத்தனையோ பேர் பிழைத்திருப்பார்கள். உறை வெடித்த கம்பியில் ஈரம் பட்டாலும் அதுதான் முதலில் சொல்லும். ‘அடிக்கடி டிரிப் ஆகுது’ என்று எரிச்சல்பட்டு அதைக் கழற்றிவிட்டு நேரடியாக இணைக்கச் சொல்பவர்கள், சுவருக்குள்ளிருந்து வரும் ஒரே சேதியை வாங்க மறுக்கிறார்கள். கம்பிகளும் முன்னேறிவிட்டன, 85 டிகிரி தாங்கும் உறையோடு கம்பி கடையில் கிடைக்கிறது. கீசர் பாயிண்டுக்கு மட்டுமாவது அதை 4 ஸ்கொயர் எம்எம்மில் வாங்கிப் போட்டால் கூடுதல் செலவு ஒரு குளியலறைக் குழாயின் விலைகூட வராது.

குழாய்க்கு மேல் மாட்டும் கறுப்பு ஸ்பாஞ்ச் உறையும் அப்படித்தான். அது சூட்டைக் கம்பிக்குப் போகாமல் தடுக்கிறது, குழாய் நீண்டு சுருங்க இடம் கொடுக்கிறது, வெந்நீரையும் காக்கிறது. முக்கால் அங்குலக் குழாய் 10 மீட்டரில் ஏறத்தாழ 3 லிட்டர் தண்ணீர் நிற்கும். மொட்டைமாடிச் சோலார் ஹீட்டரிலிருந்து இறங்கும் வீடுகளில் ஒவ்வொரு காலையும் ஆறிப்போன அவ்வளவும் வெந்நீர் வருவதற்கு முன் சாக்கடைக்குப் போகிறது. மாடியில் வெயில் படும் பகுதிக்கு எல்லோரும் உறை போடுகிறார்கள். சுவருக்குள் போடுகிறவர்கள் குறைவு. உறையோடு புதைக்க வேண்டுமென்றால் காடி அகலமாக வேண்டும், நாலு அங்குலச் சுவரில் அதற்கு இடமில்லை என்பது அவர்கள் சொல்லும் காரணம். அந்தக் காரணம் உண்மைதான். குளியலறையின் ஈரச்சுவரை மட்டும் ஆறு அங்குலமாக வரைபடத்திலேயே போட்டுவிட்டால் அது தீர்ந்துபோகும்.

சென்னையின் புதிய அடுக்குமாடிகளில் இந்தச் சுவரும் மாறிவருகிறது. அலுமினிய அச்சு நிறுத்திச் சுவரையும் தளத்தையும் ஒரே வார்ப்பாகக் கான்கிரீட்டில் வார்க்கிறார்கள். கான்ட்யூட் கம்பிக்கூட்டில் கட்டப்பட்டு வார்ப்போடு உள்ளே போய்விடும். அங்கே வெட்டித் திருத்துவது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரு வகையில் இது நல்லது. எது எங்கே என்பதை வார்ப்புக்கு முன் காகிதத்தில் தீர்மானித்தே ஆக வேண்டியிருக்கிறது, இரு தொழிலும் ஒரே வரைபடத்தில் உட்கார வேண்டியிருக்கிறது. பல இடங்களில் வெந்நீர்க் குழாய்களைச் சுவருக்கு வெளியே, தனி ஷாஃப்ட்டிலும் பொய்க்கூரைக்கு மேலும் கொண்டுபோகிறார்கள். கதவைத் திறந்தால் குழாய் தெரியும், வால்வு கைக்கு எட்டும்.

தனி வீடு கட்டுகிறவர்களிடமும் ஒரு நல்ல வழக்கம் தொடங்கியிருக்கிறது. பூச்சுக்கு முன் ஒவ்வொரு சுவரையும், அளவு நாடாவைச் சுவரோடு பிடித்துக்கொண்டு, கைபேசியில் படம் எடுத்துவைக்கிறார்கள். தரையிலிருந்து எத்தனை அடி, மூலையிலிருந்து எத்தனை அடி என்பது படத்திலேயே இருக்கும். பிறகு கண்ணாடி மாட்டவோ கீசரை மாற்றவோ துளை போடுகிறவருக்கு அதைக் காட்டினால் போதும். எடுத்த படங்களை மின் அளவுப் பெட்டியின் கதவுக்குள் அச்சிட்டு ஒட்டிவைத்த ஒரு வீட்டைத் திருச்சிப் பக்கம் பார்த்தேன்; மனம் நிறைந்தது.

வாங்கிய வீட்டில் குடியிருப்பவர்களுக்கு இந்த வசதி இல்லை. பத்திரம், தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, கட்டட அனுமதி, சொத்துவரி ரசீது என்று ஒரு தடித்த கோப்பு கைக்கு வருகிறது. குளியலறைச் சுவருக்குள் எந்தக் குழாய் எந்தக் கம்பியைக் கடந்து போகிறது என்று காட்டும் ஒற்றைத் தாள் அந்தக் கோப்பில் இருப்பதில்லை. கட்டுகிறவர் தரக்கூடியதுதான் அது. பூச்சு ஆரம்பிப்பதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.